பன்சன் பர்னருக்குப் பின்னால் ஒரு மனிதர்

இந்த ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். யாரைப் பற்றி என்பதையும் அவர்களே பாதி முடிவு செய்துவிட்டார்கள். அப்துல் கலாம், இல்லையென்றால் ராமானுஜன், அதுவும் இல்லையென்றால் எடிசன். நான் புன்சன் என்றேன். எந்த புன்சன் என்று கேட்டார்கள். பர்னர் புன்சன் என்றேன். ஒரு நிமிஷம் பேச்சு மூச்சு இல்லை. அப்புறம் ஒருத்தன் மெதுவாக, அது ஆள் பேரா, நான் ஏதோ கம்பெனி பேருன்னு நினைச்சேன் என்றான்.

சிரிக்காதீர்கள் நண்பர்களே! போன வருஷம் ஐப்பசி வரைக்கும் நானும் அந்த ரகம்தான். முதலாமாண்டு கெமிஸ்ட்ரி லேபில் காற்றுத் துவாரத்தை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு தீக்குச்சியைக் காட்டி, சுடர் புஸ்ஸென்று குழாய்க்குள் இறங்கி, லேப் அண்ணன் ஓடிவந்து கேஸை மூடி, நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுப் போனார். பன்சன் பர்னரோடு எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

ஐப்பசியில் என் அப்பத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனது. வயசு 74. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். உப்பு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சாப்பாட்டில் உப்பையே அறவே நிறுத்திவிட்டிருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. ஒருநாள் காலையில் என்னை எங்கள் தாத்தா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தாத்தா காலமாகிப் பதினோரு வருஷம் ஆச்சு. சாயங்காலம் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பக்கவாதம்தான் என்று பயந்துபோய் நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் சோடியம் 114 என்று வந்தது. 135-லிருந்து 145-க்குள் இருக்க வேண்டுமாம். உப்பையும் நிறுத்தி, உப்பை வெளியே தள்ளுகிற மாத்திரையையும் விழுங்கினால் வேறென்ன ஆகும்?

சரி, உப்புத் தண்ணி ஏத்தினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அதுதான் இல்லை. சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால் மூளை நரம்புகளே கெட்டுவிடும், ஒரு நாளைக்கு எட்டு பாயின்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். சோடியம் பார்க்கிற புது மெஷின் அன்றைக்கென்று பார்த்துப் படுத்துவிட்டது. லேப் டெக்னீஷியன் அண்ணன் அலமாரி மேலிருந்து ஒரு பழைய பெட்டியை இறக்கினார். ராத்திரி ரெண்டு மணி. ரத்தக் குழாயை எடுத்துக்கொண்டு போன நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் ஃப்ளேம் போட்டோமீட்டர். சின்ன கேஸ் சிலிண்டர், ஒரு காற்று கம்ப்ரஸர், ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் நிறமே இல்லாத மாதிரி ஒரு நீலச் சுடர். அண்ணன் முதலில் அளவு தெரிந்த உப்புக் கரைசலை வைத்து மீட்டரைச் சரிசெய்தார். பிறகு அப்பத்தாவின் சீரத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நூறு மடங்கு நீர்க்கச் செய்து, மெல்லிய குழாயை அதில் விட்டார். கரைசல் உறிஞ்சப்பட்டுப் புகைமாதிரி சுடருக்குள் போனது. நீலச் சுடர் மஞ்சளாக மாறியது. எவ்வளவு மஞ்சள் என்பதை ஒரு செல் அளந்தது. 117.

அந்த மஞ்சள், என் அப்பத்தா உடம்பில் இருந்த உப்பு. வேடிக்கை பார்க்கிற நிலைமையில் நான் இல்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இது எப்படிண்ணே என்று கேட்டேன். எல்லாம் பன்சன் பண்ணின வேலை என்றார் அவர். அவரும் டிப்ளமோதான், டி.எம்.எல்.டி. காலையில் போய் அந்த ஆளைப் பற்றிப் படி என்றும் சொன்னார். படித்தேன். நம்ம லைப்ரரியில் கிடைத்தது, வெளியே கிடைத்தது, எல்லாவற்றையும் படித்தேன்.

ராபர்ட் வில்ஹெல்ம் புன்சன் 1811 மார்ச் 30-ஆம் தேதி ஜெர்மனியில் கோட்டிங்கன் என்ற பல்கலைக்கழக ஊரில் பிறந்தார். நாலு பிள்ளைகளில் கடைசி. அப்பா அங்கேயே மொழிப் பேராசிரியர். 19 வயதில் வேதியியலில் டாக்டர் பட்டம். நாமெல்லாம் அந்த வயசில் அரியர் பேப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம், அதை விடுங்கள். பிறகு அரசாங்க உதவிப் பணத்தில் ஐரோப்பாவைச் சுற்றினார். ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர் இல்லை. தொழிற்சாலை, சுரங்கம், லேப் என்று ஒன்று விடாமல் நுழைந்து பார்த்தார்.

ஊருக்குத் திரும்பி அவர் செய்த முதல் பெரிய வேலை பர்னரும் இல்லை, சூரியனும் இல்லை, வைத்தியம். அந்தக் காலத்தில் ஆர்சனிக் என்கிற பாஷாணம் ரொம்பச் சுலபமாகக் கிடைத்தது. எலிக்கு வைப்பார்கள், ஆளுக்கும் வைப்பார்கள். 1834-இல் பெர்தோல்ட் என்ற டாக்டரோடு சேர்ந்து புன்சன் ஒரு முறிவு மருந்தைக் கண்டுபிடித்தார். வேறொன்றுமில்லை, இரும்புத் துருவின் சொந்தக்காரன். அப்போதுதான் வீழ்படிவாக்கிய, ஈரம் காயாத இரும்பு ஹைட்ராக்சைடு. அதைக் குடிக்கக் கொடுத்தால் வயிற்றில் இருக்கிற ஆர்சனிக்கைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும். கரையாதது ரத்தத்தில் ஏறாது. இதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயசு 23.

1836-இல் அவருக்குக் கிடைத்த வேலையைக் கேட்டால் நமக்கெல்லாம் சந்தோஷமாக இருக்கும். காசெல் நகரத்துத் தொழில்நுட்பப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அதாவது பாலிடெக்னிக் வாத்தியார்! யூரியாவைச் சோதனைச்சாலையில் தயாரித்துப் பேர் வாங்கிய வோலர் காலி செய்துவிட்டுப் போன நாற்காலி அது.

அங்கேதான் ககோடைல் என்ற பிசாசைத் தொட்டார். ஆர்சனிக்கும் கார்பனும் சேர்ந்த சேர்மங்களின் கூட்டம் அது. காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும். அதன் நாற்றத்தை முகர்ந்தாலே கைகால் மரத்துப்போகும், தலை சுற்றும், நாக்கில் கறுப்பாகப் படியும். இதையெல்லாம் அவரே தன் மேல் கண்டு எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டதோடு ஆறேழு வருஷம் மல்லாடினார். ஒருநாள் ககோடைல் சயனைடு இருந்த கண்ணாடிக் கலம் வெடித்தது. ஒரு சில்லு வலது கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணில் பார்வை போனது போனதுதான். ஆர்சனிக் உள்ளே இறங்கி, பிழைப்பாரா மாட்டாரா என்று பல நாள் கிடந்தார். ஆர்சனிக்குக்கு முறிவு கண்டுபிடித்த மனுஷனுக்கு ஆர்சனிக்காலேயே இப்படி ஆனது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். லேபில் கண்ணாடி போடச் சொன்னால் அதை நெற்றிக்கு மேலே ஏற்றி ஸ்டைல் பண்ணுகிற ஆட்களில் நானும் ஒருத்தன். இதைப் படித்ததுக்கு அப்புறம் பண்ணுவதில்லை.

ஒரு கண்ணோடு எழுந்து வந்தவர் ஆர்கானிக் வேதியியலை அதோடு தலைமுழுகினார். தன் லேபில் அந்த ஆராய்ச்சியை மறுபடி அனுமதிக்கவே இல்லை. ஆனால் சும்மா உட்காரவும் இல்லை. 1839-இல் மார்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரும்பு உருக்கும் ஊதுலைகளின் உச்சியிலிருந்து வெளியேறும் வாயுக்களைப் பிடித்துச் சோதித்தார். ஜெர்மனியின் மரக்கரி உலைகளில் பாதிக்கு மேல் வெப்பம் வீணாகப் புகையோடு போகிறது என்று கணக்குக் காட்டினார். 1845-இல் இங்கிலாந்தில் ப்ளேஃபேர் என்பவரோடு சேர்ந்து அங்கே கோக் உலைகளைப் பார்த்தபோது 80 சதவீதத்துக்கும் மேல் வீண். அந்த வாயுவைத் திருப்பிப் பிடித்து எரித்தாலே எவ்வளவு மிச்சம்! வாயுவை அளந்து பகுப்பாய்வு செய்கிற முறைகளை ஒழுங்காக வகுத்தவரும் அவர்தான். 1841-இல் ஒரு பேட்டரி செய்தார். க்ரோவ் செல்லில் ப்ளாட்டினம் இருந்த இடத்தில் கார்பனை வைத்தார். அவ்வளவுதான் மாற்றம். யானை விலை, ஆட்டு விலைக்கு வந்துவிட்டது.

1845-இல் ஐஸ்லாந்தில் ஹெக்லா எரிமலை வெடித்தது. அடுத்த வருஷம் புன்சன் கப்பலேறி அங்கே போய்விட்டார். எரிமலை வாயுக்களைச் சேகரித்தார், பாறைகளைச் சோதித்தார். கெய்சர் என்கிற வெந்நீர் ஊற்று ஏன் விட்டுவிட்டுப் பொங்குகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாத காலம். புன்சன் அந்த ஊற்றின் குழாய்க்குள்ளேயே தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அது எப்போது பொங்கி மேலே அடிக்கும் என்று சொல்ல முடியாது! ஆழத்தில் தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டியிருந்தது, ஆனால் கொதிக்கவில்லை. மேலே இருக்கிற தண்ணீரின் எடை அழுத்திப் பிடித்திருக்கிறது. நம்ம வீட்டு பிரஷர் குக்கர் சமாசாரம். கொஞ்சம் தண்ணீர் மேலே தள்ளப்பட்டதும் அழுத்தம் குறையும், உடனே கொதிக்கும், அது இன்னும் கொஞ்சத்தைத் தள்ளும், கீழே இருப்பதும் கொதிக்கும், மொத்தமும் வானத்துக்குப் பாயும். அங்கே சொன்னதோடு விடவில்லை, ஊருக்குத் திரும்பி லேபில் ஒரு செயற்கை கெய்சரைச் செய்து பொங்க வைத்துக் காட்டினார்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். 1852-இல் புன்சன் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வருவதற்கு அவர் போட்ட நிபந்தனை, புது லேப் கட்டித் தரவேண்டும். அந்த ஊரில் தெருவிளக்குக்காக நிலக்கரி வாயு வரத் தொடங்கியிருந்த சமயம். லேபுக்கும் அதையே இழுத்தார்கள். ஆனால் அந்த வாயுவைச் சும்மா எரித்தால் மஞ்சளாக, புகையாக, பாத்திரத்தில் கரி அப்புகிற சுடர் வரும். விளக்குக்கு அது சரி, சோதனைக்கு ஆகாது. லண்டனில் மேலே கம்பிவலை வைத்த ஒரு பர்னர் இருந்தது. ராஸ்கோ என்ற மாணவர் அதைக் கொண்டுவந்து காட்டினார். புன்சனுக்குப் பிடிக்கவில்லை. சூடு போதவில்லை, சுடர் ஆடுகிறது. வாயு மேலே வந்து எரிகிற இடத்தில் காற்றைத் தேடுவதற்குப் பதிலாக, எரிவதற்கு முன்னாலேயே குழாய்க்குள் காற்றைக் கலந்துவிட்டால் என்ன என்று யோசித்தார்.

யோசனை அவருடையது. கையில் எடுத்துச் செய்தவர் வேறொருவர். பேட்டர் டெசாகா. அந்தப் பல்கலைக்கழகத்தின் மெக்கானிக். நண்பர்களே, இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாயு வரும் துளையின் அளவு என்ன, குழாய் எவ்வளவு உயரம், காற்று நுழையத் துவாரம் எங்கே, அதைக் கூட்டவும் குறைக்கவும் என்ன வழி... எல்லாம் அந்தப் பட்டறையில் உருவானது. துளை பெரிசானால் புகையும், காற்று அதிகமானால் சுடர் உள்ளே இறங்கும், நான் இறக்கிக் காட்டினேனே, அதே மாதிரி. சின்னத் துளையிலிருந்து வேகமாக வெளியேறும் வாயு, பக்கத்துக் காற்றைத் தானே இழுத்துக்கொண்டு மேலே போகும். ஃபேன் வேண்டாம், ஊதல் வேண்டாம். 1855-இல் லேப் திறந்தபோது டெசாகா 50 பர்னர்களைச் செய்து மேஜையில் வைத்திருந்தார். இன்றைக்கு நம்ம வீட்டு கேஸ் அடுப்பைத் திருப்பிப் பாருங்கள். நாப் பக்கத்தில் ஜெட், அதை ஒட்டிக் காற்று நுழையும் சந்து, கலவைக் குழாய். அதே டிசைன்தான்.

காற்றையும் வாயுவையும் முன்கூட்டிக் கலக்கும் பர்னரை அதற்கு முன்பே ஃபாரடேயும் செய்து பார்த்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் லேபில் ஐம்பது மாணவர்கள் நாள் முழுக்கப் பயன்படுத்துகிற உருப்படியாக ஆக்கியது ஹைடல்பர்க். 1857-இல் புன்சன் அதன் விவரத்தை வெளியிட்டார். பேட்டன்ட் எடுக்கவில்லை. பேட்டரிக்கும் எடுக்கவில்லை, எதற்குமே எடுத்தவர் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று விட்டுவிட்டார். டெசாகா குடும்பம் செய்து விற்றுப் பிழைத்தது, மற்றவர்களும் விற்றார்கள். ஆனால் உலகம் பூரா லேபில் ஒட்டிக்கொண்ட பெயர் புன்சன் மட்டும்தான்.

எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. எங்கள் அப்பா லேத் பட்டறையில் டர்னர். ட்ராயிங் எங்கிருந்தோ வரும். அதில் தப்பு இருந்தால் அப்பாதான் கண்டுபிடித்து மாற்றுவார். மாற்றிய பிறகு அது ட்ராயிங் போட்டவர் பெயரில்தான் போகும். அப்பா அதைப் பற்றி ஒருநாளும் வருத்தப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. டெசாகா வருத்தப்பட்டாரா என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. புன்சன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரே கண்ணாடி ஊதித் தன் கருவிகளைச் செய்துகொண்டவர். நெருப்பில் வெந்து விரல் தோல் தடித்துப்போய், சூடான கண்ணாடியை வெறும் கையால் எடுப்பாராம். பட்டறைக்காரன் அருமை தெரிந்தவர்தான்.

சரி, இந்தப் பர்னர் வந்ததால் என்ன ஆயிற்று? சுடருக்கு நிறம் போயிற்று. அதுதான் பெரிய விஷயம். சுடரே மஞ்சளாக இருந்தால் அதில் போடுகிற பொருளின் நிறம் எப்படித் தெரியும்? இப்போது உப்பைப் போட்டால் மஞ்சள், பொட்டாசியம் போட்டால் ஊதா, ஸ்ட்ரான்ஷியம் போட்டால் சிவப்பு, பேரியம் போட்டால் பச்சை. ப்ளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாமாண்டு வந்த நண்பர்கள் இதைச் செய்திருப்பார்கள். ஆனால் இரண்டு உப்பு கலந்திருந்தால் மஞ்சள் மற்றதை மூடிவிடும். புன்சன் நிறக் கண்ணாடிகளையும் நிறத் தண்ணீரையும் வைத்து வடிகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் கிர்ச்சாஃப். ஆமாம், நம்மைக் கே.வி.எல்., கே.சி.எல். என்று பாடாய்ப் படுத்துகிறாரே, அதே கிர்ச்சாஃப். அவரை ஹைடல்பர்க்குக்கு வரவழைத்ததே புன்சன்தான். நிறக் கண்ணாடி எதற்கு, ஒரு முப்பட்டகம் வழியாகப் பாரேன் என்றார் அவர். ஒரு சுருட்டுப் பெட்டி, பழைய டெலஸ்கோப்பின் இரண்டு துண்டுகள், நடுவில் முப்பட்டகம். முதல் ஸ்பெக்ட்ராஸ்கோப் தயார். நாம் ப்ராஜெக்ட்டுக்குப் பட்ஜெட் இல்லை என்று அழுகிறோம்!

அதில் பார்த்தபோது ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள் தெரிந்தன. நம்ம கைரேகை மாதிரி, ஒன்றுக்கு உள்ளது இன்னொன்றுக்கு இல்லை. எத்தனை உப்பைக் கலந்து போட்டாலும் கோடுகள் அதனதன் இடத்தில் நிற்கும். எவ்வளவு நுட்பம் என்றால், 60 கன மீட்டர் அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டை வெடிக்க வைத்துவிட்டு, எதிர்மூலையில் சுடரைப் பார்த்தார்கள். சில நிமிஷத்தில் காற்றில் பரவி வந்த அந்தத் துளி சோடியம் கோடு காட்டியது. ஒரு மில்லிகிராமில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டார்கள்.

ஒரு ராத்திரி, 15 கிலோமீட்டருக்கு அப்பால் மான்ஹைம் நகரத்தில் தீ விபத்து. இவர்கள் லேப் ஜன்னலிலிருந்தே அந்த வெளிச்சத்தை ஸ்பெக்ட்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பேரியம், ஸ்ட்ரான்ஷியம் கோடுகள் தெரிந்தன. பிறகு நடந்து போகும்போது அவர்களுக்குத் தோன்றியதாம், மான்ஹைம் தீயில் என்ன எரிகிறது என்று இங்கிருந்தே சொல்ல முடிந்தால், சூரியனில் என்ன எரிகிறது என்று ஏன் சொல்ல முடியாது?

இதன் கனம் புரிய ஒரு விஷயம். நட்சத்திரங்கள் எந்தப் பொருளால் ஆனவை என்பதை மனிதனால் எந்தக் காலத்திலும் அறிய முடியாது என்று 1835-இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் கோம்ட் எழுதியிருந்தார். அப்போது அதை மறுக்க யாரிடமும் வழி இல்லை. 1814-லேயே ஃப்ரான்ஹோஃபர் என்ற கண்ணாடித் தொழிலாளி, அவரும் பட்டறையில் எடுபிடியாக இருந்து வந்தவர்தான், சூரிய நிறமாலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கறுப்புக் கோடுகளைக் குறித்து வைத்திருந்தார். ஏன் கறுப்பு என்று மட்டும் தெரியவில்லை. கிர்ச்சாஃப் 1859-இல் சூரிய ஒளியைச் சோடியம் சுடர் வழியாக அனுப்பினார். மஞ்சள் சுடர் அந்தக் கறுப்புக் கோட்டை நிரப்பிவிடும் என்று எதிர்பார்த்தால், கோடு இன்னும் கறுத்தது. அதாவது எந்த ஆவி எந்த ஒளியைக் கொடுக்குமோ, அதே ஒளியை விழுங்கவும் செய்யும். அப்படியானால் சூரியனைச் சுற்றிச் சோடியம் ஆவி இருக்கிறது. அப்பத்தா ரத்தத்தில் இருந்ததும் சூரியனில் இருந்ததும் ஒரே உப்பு, ஒரே கோடு. படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்லவில்லை.

புன்சன் திரும்பத் தரைக்கு வந்தார். ட்யுர்க்ஹைம் ஊரின் ஊற்றுநீரில் ஏற்கெனவே தெரிந்த எதற்கும் சேராத இரண்டு நீலக் கோடுகள் இருந்தன. புதுத் தனிமம்! ஆனால் கோடு மட்டும் போதாதே, பொருள் கையில் வேண்டும். 40 டன்னுக்கும் மேற்பட்ட தண்ணீரைக் காய்ச்சினார். கடைசியில் கிடைத்த குளோரைடு 7 கிராம் சொச்சம். நாலு தண்ணி லாரி காய்ச்சினால் ஒரு ஸ்பூன்! 1860-இல் அதற்கு வான்நீல அர்த்தத்தில் சீசியம் என்று பெயர். அடுத்த வருஷம் ஒரு கனிமத்திலிருந்து செந்நிறக் கோட்டோடு ரூபிடியம். 1967 முதல் ஒரு விநாடி என்பதே சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகள் என்றுதான் வைத்திருக்கிறார்கள். ரூபிடியத்தின் ஒரு கதிரியக்க வகையை ஊசியில் ஏற்றி இதயத்தில் ரத்த ஓட்டம் பார்க்கிறார்கள்.

கதை நம்ம பக்கமும் வந்தது. 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழு சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் ஃப்ரான்ஸிலிருந்து வந்த ஜான்சன் ஸ்பெக்ட்ராஸ்கோப்போடு உட்கார்ந்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போய்ப் பார்த்தார். சூரிய விளிம்பின் சுடர்களில் ஒரு மஞ்சள் கோடு. சோடியம் கோட்டுக்கு ரொம்பப் பக்கம், ஆனால் அந்த இடத்தில் இல்லை. பூமியில் யாரும் பார்க்காத தனிமம் என்று முடிவாகி, சூரியன் பெயரிலேயே ஹீலியம் என்று வைத்தார்கள். பூமியில் அதை ராம்சே 1895-இல்தான் பிடித்தார். 1908-இல் அதைத் திரவமாக்கியவர் காமர்லிங் ஓன்னஸ். அவர் ஹைடல்பர்க்கில் புன்சனிடமும் கிர்ச்சாஃபிடமும் படித்தவர்! அந்தத் திரவத்தின் குளிரில்தான் 1911-இல் சூப்பர் கண்டக்டிவிட்டி கண்டுபிடிப்பு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காந்தங்களில் பெரும்பாலானவை மைனஸ் 269 டிகிரி ஹீலியத்தில் குளித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. இன்னொரு மாணவர் ஆவர் வான் வெல்ஸ்பாக், கேஸ் மேண்டிலைக் கண்டுபிடித்தவர். பெட்ரோமாக்ஸ் லைட்டில் செந்தில் உடைத்த மேண்டில்தான்.

புன்சன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லேபும் மாணவர்களும் சுருட்டும்தான். 1874-இல் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மேஜை எரிந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் இருந்த கண்ணாடிக் குடுவை லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்து, அரிய மண் தனிமங்களின் நிறமாலை பற்றி அவர் எழுதி முடித்திருந்த கட்டுரையைப் பற்ற வைத்துவிட்டது. எத்தனையோ மாச உழைப்பு. ரெக்கார்ட் நோட் தொலைந்தால் நாம் போடுகிற கூப்பாடு தெரியுமே! அவர் மறுபடி முதலிலிருந்து அளந்து, எழுதி, அடுத்த வருஷம் வெளியிட்டார். அப்போது வயசு 63-க்கு மேல், கண் ஒன்று. 1889-இல் ஓய்வு பெற்றுப் பாறைகளைப் பார்த்துக்கொண்டு காலம் கழித்தார். 1899 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஹைடல்பர்க்கில் இறந்தார். அதே 1899-இல்தான் சூரியனை ஆராய நம்ம கொடைக்கானலில் வானாய்வகம் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்பதை எவர்ஷெட் அங்கே 1909-இல் கண்டது, நிறமாலைக் கோடுகள் நகர்வதைப் பார்த்துத்தான். போன தடவை டூரில் கொடைக்கானல் போய் போட்டிங் மட்டும் போய்விட்டு வந்தோமே, அந்த ஊர்தான்.

அப்பத்தாவுக்கு மூணு நாள் ஆனது. 117, 119, 122 என்று அந்தப் பழைய பெட்டி சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு தடவை ஏற்றம் கொஞ்சம் வேகமாகத் தெரிந்ததும் டெக்னீஷியன் அண்ணன் ஸ்டாண்டர்டை வைத்து இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துவிட்டு, மாடிக்கு ஓடிப்போய் நர்ஸிடம் சொல்லி ட்ரிப்பைக் குறைக்க வைத்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் பெயர் இருக்கிறது, நர்சிங் ஹோம் பெயர் இருக்கிறது. அண்ணன் பெயர் லேப் ரிப்போர்ட்டில்கூட இல்லை, ஒரு கிறுக்கல் கையெழுத்து மட்டும். அவர் பெயரை இங்கே போடலாமா என்று போன வாரம் போய்க் கேட்டேன். வேண்டாம்ப்பா, டூட்டி டயத்துல சைடு வேலையான்னு ஓனர் கேப்பாரு என்று சிரித்தார்.

நாலாம் நாள் காலையில் அப்பத்தா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, இதுல உப்பு போட்டியா இல்லையா என்று அம்மாவைச் சண்டைக்கு இழுத்தார்.

— மூன்றாமாண்டு மாணவன், இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவு